ஊற்றிக் கொடுத்தவன் பொறுப்பாளியா?

(ஐந்தாம் கற்பனை – தொடர் பாடம்)



குடிவெறி கொண்டவனுடைய பாவம் இன்னதென்று சென்ற வாரப் பாடத்தில் பார்த்தோம். இந்த வாரம் அவனைப் பற்றியல்ல, மேசைக்கு அப்பால் நிற்கும் மற்றொருவனைப் பற்றியே பேசப் போகிறோம். அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, தள்ளாடவில்லை, வாகனம் ஓட்டவுமில்லை. கேட்டவனுக்கு ஊற்றிக் கொடுத்தான், காசை வாங்கிக் கல்லாவில் போட்டான். குடித்துப்போன மனிதன் வழியில் ஒரு பிள்ளையை மோதிக் கொன்றுவிட்டால், அந்த இரத்தத்தில் இவனுக்கும் பங்குண்டா?

அவனையே கேட்டுப் பாருங்கள். "நான் யார் வாயிலும் பலவந்தமாக ஊற்றவில்லை. கேட்டான், கொடுத்தேன். அரிசி விற்கிறவன் அஜீரணத்துக்குப் பொறுப்பாளியா?" என்பான். இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. இங்கிலாந்து தேசத்து நியாயஸ்தலங்கள் பல நூறு வருஷம் சொல்லி வந்ததும் ஏறக்குறைய இதுவே. சுகதேகியான ஒரு மனிதன் தன் சுயாதீனத்தில் குடிக்கிறான். தீங்குக்குக் காரணம் குடித்ததே தவிர விற்றதல்ல என்பது அந்தப் பழைய சட்டத்தின் தீர்மானம். நமது குருமடங்களில் ஒழுக்க சாஸ்திரம் படிக்கும்போதும் இதே வித்தியாசத்தைக் கற்றுக்கொடுப்பார்கள். ஒரு தீமைக்கு மெய்யான காரணமாயிருப்பது ஒன்று, அதற்கு வெறும் சந்தர்ப்பமாயிருப்பது வேறொன்று. விற்கிறவன் சந்தர்ப்பம் மாத்திரமே, குடிக்கிறவனே காரணம் என்று வாதிக்க இடமுண்டு.

அந்த வாதம் எதுவரையில் செல்லும், எங்கே முறிந்துபோகும் என்பதே இன்றையப் பாடம். வேதநூலைத் திறப்பதற்கு முன் சட்டப் புத்தகங்களைச் சற்றுப் புரட்டுவோம். இந்த விஷயத்தில் உலக நியாயாதிபதிகள் நம்மைச் சிந்திக்க வைக்கக்கூடிய சில தீர்ப்புகளைத் தந்திருக்கிறார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சாராயத்தைச் சிறு அளவையில் அளந்து விற்ற கடைகளுக்கு டிராம் ஷாப் என்று பெயர். டிராம் என்பது ஒரு சிற்றளவை. குடும்பத் தலைவன் சம்பளத்தை அங்கே கொட்டிவிட்டு வெறியோடு வீடு திரும்புவான். அல்லது திரும்பாமலே வழியில் விழுந்து கிடப்பான். மனைவியும் மக்களும் பிச்சைக்கு நின்றார்கள். பழைய சட்டத்தின்படி அவர்கள் கடைக்காரன்மேல் ஒரு காசுக்கும் வழக்காட முடியாது. ஆகவே மாநிலச் சட்டசபைகளே புதிய சட்டங்களை இயற்றத் தொடங்கின. விஸ்கான்சின் மாநிலம் 1849-ல் முந்திக்கொண்டது. தன் வியாபாரத்தால் பிறருக்கு வரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுப்பேன் என்று விற்கிறவன் முன்கூட்டியே ஜாமீன் கட்டவேண்டும் என்றது. இல்லினாய் மாநிலத்தின் 1872-ம் வருஷச் சட்டம் இன்னும் பிரசித்தமானது. குடித்தவனால் உடலிலோ உடைமையிலோ சீவனோபாயத்திலோ நஷ்டப்பட்ட மனைவி, மக்கள், பெற்றோர், எஜமான் முதலானோர் விற்றவன்மேல் வழக்குத் தொடரலாம் என்றது அது. மது விற்கப்படும் என்று தெரிந்தே கட்டடத்தை வாடகைக்கு விட்டவனையும் விடவில்லை. (நம்மிடையே கடைக் கட்டடம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிப்பது நல்லது.) இல்லினாயில் அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நமது திருச்சபையும் அக்காலத்தில் அந்த நாட்டிலே வாய் மூடியிருக்கவில்லை. மதுக்கடை வைத்துப் பிழைத்தவர்களில் ஐரிஷ், ஜெர்மன் கத்தோலிக்கர் ஏராளம். கோவிலுக்கு நன்கொடை கொடுத்தவர்களும் அவர்களே. அப்படியிருந்தும் 1884-ல் பால்டிமோர் நகரில் கூடிய மேற்றிராணிமாரின் மூன்றாம் பொதுச் சங்கம், கூடுமானால் அந்தத் தொழிலை விட்டு அதனிலும் கண்ணியமான பிழைப்பைத் தேடிக்கொள்ளும்படி அவர்களுக்குப் புத்தி சொன்னது. விட முடியாதவர்கள் சிறுவருக்கும், அளவு மீறிக் குடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கும் விற்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் கடையை அடைக்கவேண்டும் என்றும் விதித்தது. நன்கொடைத் தட்டைப் பார்த்துப் பேசாத மேற்றிராணிமாரை நினைக்கையில் எனக்கு மரியாதை உண்டாகிறது.

1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு நடந்தது. விலக்கு நீங்கியபின் பழைய சட்டங்களில் பல கைவிடப்பட்டன. ஆனால் அதற்குள் உலகம் மாறிவிட்டது. மோட்டார் வாகனம் வந்துவிட்டது. மாட்டு வண்டிக் காலத்தில் வண்டிக்காரன் மயங்கிக் கிடந்தாலும் மாடு வழி தெரிந்து வீடு சேர்த்தது. மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது. 1959-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலம் ஒரு வழக்கை விசாரித்தது. வயது நிரம்பாத ஓர் இளைஞனுக்கு மதுக்கடைகள் ஊற்றிக் கொடுத்தன. அவன் ஓட்டிய வாகனம் மோதி ஒருவர் மாண்டார். அந்தக் கடைகளின்மேல் வழக்காடலாம் என்று நியாயஸ்தலம் தீர்த்தது. விற்றதும் காரணமாகலாம், ஏனெனில் குடித்தவன் வாகனம் ஏறுவான் என்பது விற்கிறவனுக்குத் தெரியாத ரகசியமல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இனி, கனடா தேசத்தில் நடந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். நம்மவர்களின் பிள்ளைகள் அங்கே ஓட்டல்களில் வேலை செய்கிறார்கள் என்பதற்காக மட்டுமல்ல; நமது பாடம் முழுவதும் அந்த ஒரு வழக்குக்குள் அடங்கியிருக்கிறது.

ஒன்டாரியோ மாகாணத்தில், நயாகரா பிரதேசத்தில், நெடுஞ்சாலை ஓரமாக ஜோர்டன் ஹவுஸ் என்னும் ஓட்டல் இருந்தது. அங்கே வழக்கமாக வந்து குடிக்கும் ஒருவர் உண்டு. குடித்தால் நிதானம் இழப்பார், பிறரைத் தொந்தரவு செய்வார் என்பது ஓட்டல்காரருக்கும் சிப்பந்திகளுக்கும் நன்றாகத் தெரியும். ஒரு சமயம் அவரை உள்ளே விடாமலே நிறுத்தியும் வைத்திருந்தார்கள். பொறுப்புள்ள ஒருவர் கூட இருந்தாலன்றி அவருக்கு ஊற்றக்கூடாதென்று நிர்வாகமே சிப்பந்திகளுக்கு உத்தரவும் போட்டிருந்தது. 1968 ஜனவரியில் ஒரு நாள் மாலை அவர் வந்தார். உடன் வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர் இருந்தார், உத்தரவும் இருந்தது, ஆனால் ஊற்றுவது நிற்கவில்லை. போதை தலைக்கேறி மற்ற மேசைகளில் இருந்தவர்களைத் தொல்லைப்படுத்தியபோது, வெளியே போ என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே ஜனவரி மாதத்து இருள். வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலை. வீட்டுக்குப் போக வேறு வழியில்லை என்பது ஓட்டல்காரருக்குத் தெரியும். சாலையோரம் நடந்து சென்ற அவரை ஒரு மோட்டார் கார் மோதியது. பலத்த காயம். அவர் வழக்குத் தொடர்ந்தார்.

கவனியுங்கள்: இவர் குடித்துவிட்டு யாரையும் மோதியவர் அல்லர், மோதப்பட்டவர். குடித்தவரே வந்து, "எனக்கு ஏன் ஊற்றினீர்கள், ஏன் இந்த நிலையில் தெருவில் விட்டீர்கள்?" என்று கேட்கிறார். நம்மில் பலருக்கு முதலில் கோபம்தான் வரும்; குடித்தது நீ, கேள்வி வேறா என்று. வழக்கு கனடாவின் உச்ச நியாயஸ்தலம் வரை போயிற்று. 1973-ல் தீர்ப்பு எழுதியவர் போரா லாஸ்கின். அதே வருஷக் கடைசியில் அவர் அந்நாட்டின் பிரதம நீதிபதியானார். தீர்ப்பின்படி குற்றம் மூன்றாகப் பங்கிடப்பட்டது. குடித்தவருக்கு ஒரு பங்கு, காரோட்டிக்கு ஒரு பங்கு, ஓட்டலுக்கு ஒரு பங்கு.

குடித்தவருடைய பங்கை யாரும் தள்ளுபடி செய்யவில்லை என்பதைப் பாருங்கள். ஆனால் அவருடைய பங்கு ஓட்டலின் பங்கை விழுங்கிவிடவும் இல்லை. ஓட்டல் என்ன செய்திருக்க வேண்டும்? பெரிய காரியம் எதையும் நியாயாதிபதி கேட்கவில்லை. பத்திரமாக வீடு சேர்த்திருக்கலாம். பொறுப்புள்ள ஒருவர் கையில் ஒப்படைத்திருக்கலாம். தெளியும் மட்டும் உள்ளே உட்கார வைத்திருக்கலாம். அதற்கு ஒரு டெலிபோன் அழைப்போ ஒரு நாற்காலியோ போதுமாயிருந்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது யாத்திராகமத்தின் 21-ம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. முட்டுகிற மாட்டைப் பற்றி அங்கே சட்டம் உண்டு. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் அதைக் கல்லெறிந்து கொல்லவேண்டும், மாட்டுக்காரன் குற்றமற்றவன். ஆனால் அந்த மாடு முன்னமே முட்டுகிற மாடாயிருந்து, அது உடையவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டி வைக்காதிருந்தால், அவன் தலைக்கே பழி வருகிறது. இரண்டு சம்பவத்திலும் மாடு ஒன்றே, சாவு ஒன்றே. வித்தியாசம் முழுவதும் "அறிந்திருந்தான்" என்ற ஒரே வார்த்தையில் இருக்கிறது. அதே அதிகாரத்தில், குழியைத் திறந்து மூடாமல் விட்டவன், அதில் விழுந்து செத்த மாட்டுக்கோ கழுதைக்கோ கிரயம் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. மாடு தானாக நடந்துபோய்த்தானே விழுந்தது என்று அவன் தப்பித்துக்கொள்ள முடியாது. அயலானுக்கு மது கொடுத்து வெறிக்கச் செய்கிறவனுக்கு ஐயோ என்று அபாக்கூக் தீர்க்கதரிசி தம் இரண்டாம் அதிகாரத்தில் சொல்வதும் நீங்கள் அறிந்ததே.

இப்போது, "கேட்டான், கொடுத்தேன்" என்ற பதிலுக்குத் திரும்புவோம். முதல் கிளாசைப் பொறுத்தமட்டில் அந்தப் பதில் நியாயமே. திராட்சை ரசம் தன்னிலே தீயதல்ல. கானாவூரில் நம் ஆண்டவர் அதை உண்டாக்கினார், நாங்கள் பீடத்தில் தினமும் அதை ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் ஐந்தாவது கிளாசைக் கேட்கிறவன் யார்? மது முதலில் மழுங்கச் செய்வது காலையல்ல, கையையல்ல. எது தகும் எது தகாது என்று பகுத்துணரும் சக்தியை. அந்தச் சக்தியைக் கொஞ்சங்கொஞ்சமாக விலைக்கு வாங்கிக்கொண்டவனே, கடைசியில், "அவன் சுயாதீனமாகக் கேட்டான்" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? சந்தர்ப்பமாக இருந்தவன் எப்போது காரணமாகிறான் என்றால், இங்கேதான். எதிரில் நிற்பவனுடைய மனம் இனி அவன் வசத்தில் இல்லை என்று கண்ணாரக் கண்ட பிறகும் ஊற்றுகிறபோது.

ஆகையால்தான் டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களின் சட்டம், வெளிப்படையாகவே வெறித்திருந்தவனுக்கு ஊற்றினானா என்று கேட்கிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. குடித்தது உடனே இரத்தத்தில் முழுவதும் ஏறுவதில்லை. கடைசிக் கிளாசுக்குப் பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே போகக்கூடும். மேசையில் நேராக உட்கார்ந்திருந்தவன் சாலையில் போகும்போது தலை சுற்றலாம். காப்பி குடித்தாலும் குளித்தாலும் அது சீக்கிரம் இறங்குவதில்லை. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஆதலால் ஆளைப் பார்த்தால் மட்டும் போதாது, கணக்கையும் பார்க்கவேண்டும். எத்தனை ஊற்றினோம் என்பது, பணம் வாங்குவதற்காகவாவது, விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா!

கனடாவின் இன்னொரு வழக்கு இதையே காட்டுகிறது. 1985 டிசம்பரில் எட்மன்டன் நகரில், நாடகம் பார்த்துக்கொண்டே விருந்துண்ணும் ஒரு மண்டபத்துக்கு இரண்டு தம்பதிகள் போனார்கள். ஆண்கள் குடித்தார்கள், பெண்கள் குடிக்கவில்லை. பரிமாறிய பெண் எத்தனை கிளாஸ் என்று எழுதி வைத்தே ஊற்றினாள். திரும்பும்போது குடித்தவரே காரை ஓட்டினார். கார் பனிச் சாலையில் சறுக்கிக் கம்பத்தில் மோதியது; உடன் வந்த அவருடைய சகோதரிக்குக் கைகால் நான்கும் செயலற்றுப் போயின. 1995-ல் உச்ச நியாயஸ்தலம், விற்கிறவனுடைய கடமை வாடிக்கைக்காரனோடு நிற்பதல்ல, சாலையில் வருவோர் போவோருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. எனினும் இந்த வழக்கில் மண்டபத்தின்மேல் குற்றமில்லை என்று தீர்த்தது. எல்லாம் அறிந்த, தெளிந்த புத்தியுள்ள இருவர் கூட இருந்தார்களே, அவர்களில் ஒருவர் ஓட்டுவார் என்று எண்ணியதில் தவறில்லை என்பது காரணம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்தப் பெண்கள் இருவரும் புறப்படுமுன், இவர் ஓட்டலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் காரில் ஏறினார்கள். நம் வீட்டுத் தாய்மாரும் சகோதரிகளும் இதை யோசிக்கட்டும். சாவியைக் கேட்டால் அவர் கோபிப்பாரே என்று எத்தனை பேர் பேசாமல் பின்னால் ஏறி உட்காருகிறீர்கள்!

எல்லா இடத்திலும் சட்டம் ஒன்றுபோல் இல்லை. மேலே சொன்ன பால்டிமோர் நகரம் உள்ள மேரிலாந்து மாநிலத்திலேயே 2013-ல் இந்தக் கேள்வி வந்தது. குடித்தவன் வாகனம் மோதி இறந்தது பத்து வயதுக் குழந்தை. அந்த மாநிலத்தின் உயர்ந்த நியாயஸ்தலம், பழைய சட்டத்தை மாற்றுவது சட்டசபையின் வேலை என்று சொல்லி, மதுக்கடையைப் பொறுப்பாளியாக்க மறுத்துவிட்டது. நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். மேற்றிராணிமார் 1884-ல் அந்நகரில் கூடிச் சொன்னதை, அங்குள்ள சட்டம் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில், விற்றவனிடம் நஷ்டஈடு கேட்க இவ்விதமான தனிச்சட்டம் இல்லை. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்க வாகனம் ஓட்டினால் ஓட்டியவனுக்குத் தண்டனை உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை இருக்கலாகாதென்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது; மறுவருஷம் அதைச் சற்றுத் தளர்த்தியது. 2003 முதல் நமது மாநிலத்தில் சில்லறையாக விற்பது அரசாங்கத்தின் நிறுவனமே. யார்மேல் வழக்குப் போடுவது என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் ஒரு சட்டத்தை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மது கொடுப்பவர் யாராயிருந்தாலும், வைத்தியர் உத்தரவின்றி, 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் பெறக்கூடும். 2024 மே மாதம் புனே நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட கார் மோதி இரண்டு வாலிபர் மாண்டபோது, அவனுக்கு மது பரிமாறிய இடங்களைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் சட்டம் கடைக்காரனை மட்டும் சொல்லவில்லை. கலியாண வீட்டுப் பின்கட்டில் அண்ணன் மகனுக்குக் கிளாஸ் நீட்டும் சித்தப்பாவையும் சொல்லுகிறது.

சட்டம் இல்லாத இடத்தில் மனச்சாட்சி என்ன சொல்லுகிறது?

அநியாயமாய்ப் பிறருக்கு நஷ்டம் செய்தவன் மட்டுமல்ல, அதில் கூட்டாளியாயிருந்தவனும் ஈடு செய்யக் கடன்பட்டிருக்கிறான் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் கற்பிக்கிறார். கட்டளையிடுவது, ஆலோசனை சொல்வது, சம்மதிப்பது, முகஸ்துதியால் தூண்டுவது, புகலிடம் தருவது, பங்கு கொள்வது, மௌனமாயிருப்பது, தடுக்காதிருப்பது, வெளிப்படுத்தாதிருப்பது என்று ஒன்பது வழிகளை அவர் எண்ணுகிறார். தடுக்கும் கடமையுடையவன் தடுக்காமற்போனால், அவன் எப்போதும் ஈடு செய்யக் கட்டுப்பட்டவர்களில் ஒருவன். ஒழுக்க சாஸ்திரிகள் இதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறார்கள்: செயல் மெய்யாகவே அநியாயமாயிருக்க வேண்டும், நஷ்டத்துக்கு அது மெய்யான காரணமாயிருக்க வேண்டும், செய்தவன் அறிந்து, மனம் பொருந்திச் செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், சட்டம் அவனைத் தொடாவிட்டாலும், செத்தவனுடைய மனைவி மக்களுக்கு அவன் கடனாளி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவன் கட்டுப்பட்டவனல்ல; ஆனால் ஒரு நியாயஸ்தலம் முறையாகத் தீர்த்து, கொடு என்று சொன்னபின் கொடுப்பது மனச்சாட்சியிலும் கடமையே.

ஓட்டலில் வேலை செய்யும் வாலிபர் கேட்கக்கூடும்: "சுவாமி, நான் முதலாளியல்ல. ஊற்றச் சொன்னால் ஊற்றவேண்டும். மறுத்தால் வேலை போய்விடும்." இது நியாயமான பயம். முதலாளியின் குற்றமே பெரிது. கூலிக்கு நிற்பவனுடைய பொறுப்பு அவ்வளவு பாரமானதல்ல. ஆனால் அது முழுவதும் இல்லாமற்போவதில்லை. பரிமாறுவோருக்கு இதற்கென்று பயிற்சி கொடுக்கும் தேசங்கள் உண்டு. மறுக்கும் உரிமையைச் சட்டமே அவர்களுக்குத் தருகிற இடங்களும் உண்டு. அயல்நாட்டில் இவ்வேலைக்குப் போகும் பிள்ளைகள் அந்த ஊர்ச் சட்டத்தை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மறுக்க வழியே இல்லாத இடத்திலும், மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம், உணவைக் கொண்டுவந்து வைக்கலாம், வாடகைக் கார் அழைக்கலாம். இவற்றில் ஒன்றுக்கும் வேலை போனதாக நான் கேட்டதில்லை.

வீட்டு விருந்தைப் பற்றியும் ஒரு சொல். விற்காமல் சும்மா கொடுக்கிறவன் பொறுப்பாளியா என்பதில் நியாயஸ்தலங்கள் பிரிந்திருக்கின்றன. தன் வீட்டில் விருந்தாளிக்கு வெறிக்கும் மட்டும் ஊற்றி, அவன் வாகனம் ஓட்டப்போவதை அறிந்தும் விட்டவனை நியூ ஜெர்சி 1984-ல் பொறுப்பாளி என்றது. கனடாவோ 2006-ல், விருந்து கொடுப்பவன் வியாபாரியல்ல. அவனுக்கு அதில் லாபமில்லை. கணக்கெடுத்து ஊற்றுகிற வசதியுமில்லை என்று சொல்லி, பொதுவாக அவனை விட்டுவிட்டது. நான் கனடாவின் தீர்ப்பைச் சட்டத்துக்குப் போதுமானதென்று ஒப்புக்கொள்வேன். உங்கள் வீட்டில் உண்ட மனிதன் உங்கள் வாசலைத் தாண்டியதும் உங்களுக்கு அந்நியனாகிவிடுவதில்லை என்பதை மட்டும் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞானஸ்நானம், கலியாணம், புதுவீட்டு மந்திரிப்பு என்று இந்த மாதம் நமது பங்கில் விருந்துகள் பல நடக்க இருக்கின்றன. மது வைப்பதில்லை என்று முடிவு செய்யும் குடும்பங்களுக்கு என் ஆசீர்வாதம். வைப்போம் என்கிறவர்கள், யார் யார் வாகனத்தில் வந்திருக்கிறார்கள், திரும்பும்போது யார் ஓட்டுவார் என்று பார்த்துக்கொள்ள, குடிக்காத ஒருவரைப் பந்தி தொடங்குமுன்னே குறித்து வையுங்கள். சாவிகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். தெளியாதவர்களுக்கு இரவில் பாய் விரித்துக் கொடுங்கள்.

ஈடு செய்யும் கடமையைப் பற்றி, எவ்வளவு, யாருக்கு, எப்போது என்ற கேள்விகளை ஏழாம் கற்பனைப் பாடத்தில் எடுத்துக்கொள்வோம். இதில் சந்தேகமுள்ளவர்கள் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன நேரத்துக்கு முன் என்னை அறைவீட்டில் வந்து பார்க்கலாம்.